தூரடியில் கிடந்தது

கச்சான் காற்று தொடங்கியிருந்த நேரம். நமுனுகுல மலையின் பசறைப் பக்கச் சரிவில் பழைய விதைத் தேயிலை மலை ஒன்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். இருவர் தூருக்கடியில் அலவாங்கு போட்டு நெம்ப, மூன்றாமவர் குழிக்குள் குனிந்து பக்கவேர்களைக் கோடாரியால் வெட்டிவிட்டார். ஆணிவேர் அறும் சத்தம் மேல்வரிசை வரைக்கும் கேட்டது. புரண்டு விழுந்த தூரை ஒருவர் காலால் உருட்டி நீர்க்கான் ஓரத்துக்குத் தள்ளினார். அந்த ஓரத்தில் அப்படி நூற்றுக்கணக்கில் கிடந்தன.

மறுநடுகைக்காகப் பிடுங்கும் மலையில் வேர்த்துண்டு ஒன்றைக்கூட விட்டுவைப்பதில்லை. வேரழுகல் பூஞ்சைகள் செத்த வேரில் ஒளிந்திருந்து, புதுக்கன்றின் வேர் வந்து தொட்டதும் அதில் ஏறிக்கொள்ளும். ஆகவே பொறுக்கி எடுத்து, மானாப் புல்லோ குவாட்டமாலாப் புல்லோ ஒன்றரை, இரண்டு வருடம் வளர்த்து மண்ணைத் தேற்றிய பிறகே கன்று வைப்பார்கள். பிடுங்கிய தூர் விறகாகும். எங்கள் லயத்து வீடுகளில் காலை அடுப்புக்குத் தேயிலையில் வெட்டிய மிலாறுக் குச்சி, மழைக்கால இரவுக்குத் தூர்க்கட்டை. ஒரு தூர் பற்றிக்கொண்டால் விடியும்வரை கணகணவென்று எரியும். அதைத் தாண்டி அதற்கு ஒரு பயன் இருக்கும் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டில் ஆள் கட்டியபோது, தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டினார்கள் என்பது மலையகத்துக் குழந்தைகள் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. தூரடியில் என்ன கிடைத்தது என்பதை நான்கைந்து தலைமுறை சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறது. அன்றைக்கு அந்தக் கான் ஓரத்தில் கோடாரி பட்டுப் பிளந்து கிடந்த ஒரு தூரை நான் கையில் எடுத்தேன். வெட்டுமுகத்தில் மண்ணைத் துடைத்தேன். வெளிர்மஞ்சளும் தவிட்டு நிறமும் சுழிசுழியாக ஓடின. நடுநடுவே சிறு கண்கள் போலப் புள்ளிகள். ஒரு கோடும் நேராகப் போகவில்லை. அந்தத் தூரையும் சாக்கில் கட்டி, இன்னும் நாலைந்தைச் சேர்த்துப் பதுளைக்கு பஸ் ஏற்றினேன். இந்தக் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தேயிலை உண்மையில் மரம். விட்டால் முப்பது அடிக்கும் மேலே வளரும். அதை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பது கொழுந்தெடுக்கும் விரலும் கவ்வாத்துக் கத்தியும். உயர் மலைகளில் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வரும். நூறு வயதுள்ள ஒரு தூர் என்றால் குறைந்தது இருபது தடவை அது தலை வெட்டுப்பட்டிருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் மரம் ஒரு பதில் சொல்கிறது. காயத்தின் விளிம்பு தடித்து உள்ளே மடிந்து மூடப் பார்க்கிறது. பட்டைக்கடியில் உறங்கும் மொட்டுகள் கூட்டமாக விழித்துக் கிளம்புகின்றன. சில துளிர்க்கின்றன, மற்றவை வழி கிடைக்காமல் மரத்துக்குள்ளேயே புதைந்துபோகின்றன. அடுத்த கவ்வாத்தில் அதற்குமேல் இன்னொரு வெட்டு, இன்னொரு மடிப்பு. இப்படியே முட்டிமுட்டியாகத் திரண்டு, நார் திசை தெரியாமல் பின்னிக்கொள்கிறது.

உலகமெங்கும் கடைசல்காரர்கள் தேடி அலைகிற மரக்கழலையும் இதே வேலையில்தான் பிறக்கிறது. காயமோ நோயோ தாக்கிய இடத்தில் மரம் புடைத்து ஒரு கட்டி போலத் திரளும். அதற்குள் நூற்றுக்கணக்கான மொட்டுகளின் அடிகள் கண்கண்ணாகத் தெரியும். தச்சருக்கு அது ஆகாத மரம். வாள் சரியாக ஓடாது, இழைத்தால் பிய்ந்து வரும், பாரம் தாங்காது. கடைசல்காரருக்கோ அந்தக் குழப்பமே செல்வம். தேயிலைத் தூரைக் கழலை என்று தாவரவியலார் ஒப்புக்கொள்வார்களோ என்னவோ, காயம் அழகாக மாறுகிற வழி இரண்டிலும் ஒன்றுதான். ஒரே ஒரு வித்தியாசம். காட்டுக் கழலைக்குக் காயம் தற்செயலாக வந்தது. இங்கே ஒவ்வொரு காயமும் நாள்சம்பளத்துக்கு ஒருவர் கையால் விழுந்தது.

இந்தக் கழலைக்காக மனிதர்கள் என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள்! வட ஆப்பிரிக்க மலைகளில் வளரும் துயா மரத்தின் அடிக்கழலையில் செய்த மேசைகளுக்கு ரோமானியர்கள் பித்துப் பிடித்து அலைந்தார்கள். நாவலர் சிசரோ ஒரேயொரு மேசைக்கு 5,00,000 செஸ்டர்சு நாணயம் கொடுத்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அதே மரத்தை மொரோக்கோவின் எஸ்ஸவீரா நகரத்துக் கைவினைஞர்கள் இன்றும் கடைந்து பெட்டியும் கிண்ணமும் செய்கிறார்கள். அமெரிக்காவில் 1960கள், 70களில் மெல்வின் லின்ட்குவிஸ்டும் மகன் மார்க்கும் கழலையையும் பூஞ்சைக்கோடு விழுந்த மரத்தையும் கடைந்து, விறகுக் குவியலில் கிடந்ததைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுபோனார்கள். ஆசை களவு வரை போயிற்று. கலிபோர்னியாவில் செம்மரப் பெருமரங்களின் அடிக்கழலையை இரவில் வாளால் அறுத்துத் திருடிப் போகிறார்கள் என்று 2014இல் அங்குள்ள வனப்பூங்காவின் சாலை ஒன்றை இரவில் மூடவேண்டியதாயிற்று. அங்கே காவல் போட்டுக் காக்கிறார்கள். இங்கே அடுப்பில் வைக்கிறோம்.

பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தில், பிடுங்கிய செடியின் கட்டை காசாவது இது முதல் தடவையும் இல்லை. தேயிலைக்கு முன் இந்த மலைகள் கோப்பி மலைகள். இலங்கைக் கோப்பியை அழித்த இலைத்துரு நோய் 1869இல் முதன்முதலாகக் கண்ணில் பட்டது இதே பதுளை மாவட்டத்து மடுல்சீமையில்தான். அப்போது அது புதிதாகத் திறந்த கோப்பிப் பகுதி. அடுத்த இருபது வருடத்தில் தோட்டம் தோட்டமாகக் கோப்பி செத்தது. செத்த செடிகளின் தண்டைப் பட்டை உரித்துக் கப்பலேற்றினார்கள். அவை இங்கிலாந்து வீட்டுக்கூடங்களில் தேநீர் மேசைகளுக்குக் கால்களாயின. கோப்பியின் எலும்பில் தேநீர்க் கோப்பை நின்றது. அந்தக் கோப்பியை நட்டு, நீர்க்கான் வெட்டி, சுமந்து இறக்கியவர்களுக்கு அந்தக் கட்டையால் என்ன வந்தது என்று எந்தக் கணக்கிலும் நான் பார்த்ததில்லை. தேயிலைத் தூரின்மேல் கண்ணாடி பதித்த மேசைகள் அசாமிலும், கோப்பி வேரில் செய்தவை குடகிலும் இன்று விலைபோகின்றன. தூரைப் பார்த்ததும் எனக்குத் தோன்றிய யோசனை ஒன்றும் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

பதுளையில் நான் போன கடைசல் பட்டறையில் படிக்கட்டுக் கைப்பிடிக்கால்களும் கட்டில் கால்களும் கதிரைத் தூண்களும் ஓடிக்கொண்டிருந்தன. பாஸ் என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் பெரியவர் சாக்கை அவிழ்த்துப் பார்த்தார்.

"இத விறகுக்குல்ல தம்பி வைப்பாங்க?"

"கடைஞ்சு பாப்பமே, பாஸ்."

ஒன்றைத் தூக்கிச் சுத்தியலால் தட்டினார். கேட்டார். இன்னொன்றைத் தட்டினார். "இதுக்குள்ள பொந்து. இது கெட்டி. இப்ப ஒண்ணும் செய்ய ஏலாது. ஒரு வருசம் போட்டு வைங்க, பொறகு வாங்க."

அந்த ஒரு வருடம்தான் இந்தத் தொழிலின் பாதி. பச்சைத் தூரைக் கச்சான் காற்றில் போட்டால் பத்து நாளில் வெடித்துவிடும். வெட்டுமுகங்களில் மெழுகு பூசி, தகரக் கொட்டகைக்குள், காற்று நேரே படாத மூலையில் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். எடை குறைவது நின்ற மாதம் கட்டை காய்ந்த மாதம். நான் வைத்த ஐந்தில் இரண்டு அப்படியும் வெடித்தன. ஒன்றின் வேர் மடிப்புக்குள் கோழிமுட்டை அளவு வெள்ளைக்கல்லைக் கட்டிப்பிடித்திருந்தது. வேர் வளரும்போது கல்லையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. அதைத் தெரியாமல் உளி வைத்தபோது பொறி பறந்து, உளியின் வாய் போயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டையையும் இரும்புத் தூரிகையால் தேய்த்து, தண்ணீர் பீய்ச்சி, மடிப்பு மடிப்பாகப் பார்த்துத்தான் பட்டறைக்குள் விட்டார் பாஸ்.

தேயிலை மரம் நெருங்கிய நார் கொண்டது, கனத்தது. நன்றாகக் காய்ந்த துண்டு உளிக்குக் கீழே மெல்லிய சுருளாக உரிந்து வருகிறது. ஆனால் முழுத் துண்டு கிடைப்பது அபூர்வம். ஒரு பழந்தூருக்குள் எத்தனை குடித்தனம்! சிறு குண்டூசித் தலை அளவுள்ள துளைப்பான் வண்டு கிளைக்குள் சுரங்கம் போட்டு, அதன் சுவரில் பூஞ்சை வளர்த்து, அதைத் தின்று குஞ்சு வளர்க்கிறது. ஊவாத் தோட்டங்களுக்கு அது பழைய எதிரி. செத்த மரத்தை விட்டுவிட்டு உயிருள்ள தூரையே குடையும் கறையான் இன்னொன்று. கவ்வாத்து வெட்டில் மழைநீர் தங்கினால் அங்கிருந்து அழுகல் இறங்கிப் பொந்தாகும். ஆக, அறுத்துப் பார்த்தால் பாதி மரம், பாதி வெறுமை. கடையத் தொடங்கினால் அந்த வெறுமையில் உளி மாட்டிக் கட்டை சிதறும்.

வண்ண ரெசின் வருவது இந்த இடத்தில்தான். இரண்டு திரவங்களை அளந்து கலந்தால், அவை தமக்குள் சூடேறி இறுகிக் கண்ணாடிபோல் ஆகிவிடும். 1930களின் கடைசியில் சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்தான் என்ற வேதியியலாளர் செயற்கைப் பல் செய்யப் பொருள் தேடியபோது கண்டெடுத்த வகை இது. எப்பொக்சி என்று ஹாட்வெயார் கடைகளில் ஒட்டுப்பசையாக விற்பதும் அதே குடும்பம்தான். அதைப் பொந்துக்குள் ஊற்றி இறுகவிட்டால், மரமும் ரெசினும் ஒரே கட்டையாகிச் சேர்ந்து கடைய வரும்.

எழுத எளிது. ஊற்றும்போது தெரியும் பாடு. மரத்தில் ஈரம் இருந்தால் குமிழி பொங்கும். ஒரேயடியாக நிறைய ஊற்றினால் சூடு தாங்காமல் வெடிக்கும், அதனால் மெல்லிய அடுக்காக ஊற்றிக் காத்திருக்க வேண்டும். பதுளை நகரம் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கேயே தை மாதத்து இரவுக்குளிரில் ரெசின் தேன் போலக் கெட்டிப்பட்டு, குமிழிகளை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. வெளிநாட்டுப் பட்டறைகளில் இதற்கு அழுத்தத் தொட்டி வைத்திருப்பார்கள். காற்றை அடைத்து அமுக்கினால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியாமல் சுருங்கிவிடும். எங்களிடம் இருந்தது வெந்நீர் வாளி. புட்டிகளை அதில் வைத்துச் சூடாக்கி, மெதுவாகக் கலக்கி, நூல் போல ஊற்றினார் பாஸ். பொந்தின் வாயைச் சுற்றிப் பலகை அடைத்து, சந்துகளில் டேப் ஒட்டியும், வண்டுத்துளை ஒன்றின் வழியே இரவோடிரவாக ஒழுகி மேசையில் உறைந்திருந்தது. மறுநாள் துளைகளை ஒவ்வொன்றாக மெழுகால் அடைத்துவிட்டு மறுபடி ஊற்றினோம்.

நிறம் என்ன வைப்பது என்று வந்தபோது பாஸ் நீலம் என்றார். இப்போது எல்லோரும் கேட்பது அதுதான். நான் மறுத்தேன். மரத்துக்கு நடுவில் கடல்நீல ஆறு ஓடும் மேசைகளைப் படங்களில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வருத்தம் வரும். அந்த ரெசினுக்குப் பக்கத்தில் மரம் வெறும் கரையாகிவிடுகிறது. நூறு வருடம் வளர்ந்த தூரை அப்படி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மரம் எங்கே இல்லையோ அங்கே மட்டும் ரெசின் இருக்கட்டும். நிறத்தையும் இந்த மண்ணிலிருந்தே எடுப்போம் என்று பசறை மலைச் செம்மண்ணின் காவியைச் சொன்னேன். அதில் ஒரு சிட்டிகை காக்காப்பொன் தூள். கடைகளில் முத்துப் பளபளப்பு என்று விற்கும் வண்ணத்தூளின் அடிப்பொருள் அதுதான். மலையகத்துப் பாறைகளிலும் மினுங்குகிற அதே கனிமம்.

கடைசலும் வண்ணப் பிசினும் கைகோப்பது இந்தத் தீவுக்குப் புதிதில்லை என்பதை இங்கே சொல்லவேண்டும். ஊவாவுக்குத் தெற்கே அம்பாந்தோட்டை மாவட்டத்து அங்குல்மடுவவில் அரக்குக் கடைசல் ஒரு பரம்பரைத் தொழில். சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்த, உராயும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படியும். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று நாலே நிறம். மாத்தளைப் பக்கத்து ஹப்புவிதவில் கடைசல் இல்லாமல், அரக்கை நூலாக இழுத்து விரல்நகத்தால் கிள்ளிப் பதிக்கிறார்கள். இவற்றையெல்லாம் அழியுமுன் எழுதிவைத்தவர் தந்தை வழியில் ஈழத்தமிழரான ஆனந்த குமாரசுவாமி. கனிம ஆய்வுக்காக மலை மலையாகத் திரிந்த அந்த நிலவியலாளர், வழியில் கண்ட கைவினைஞர்களிடம் மனதைப் பறிகொடுத்து, 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். கடலுக்கு அப்பால் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானும், சன்னபட்டணத்துப் பொம்மையும் இதே அரக்குக் கடைசல்தான். சன்னபட்டணத்தில் தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

அரக்கு பூச்சியிடமிருந்து வருவது. சூடு பட்டால் மறுபடி உருகும், தவறினால் திருத்திக்கொள்ளலாம். மரத்தின் மேலே தோலாக நிற்கும். ரெசின் மரத்துக்குள்ளே சதையாக நிற்கும். இறுகிவிட்டால் திரும்பாது. எனக்கு அரக்கின்மேல்தான் மரியாதை அதிகம். ஆனால் அழுகிய தூருக்குள் இறங்கி அதை நிமிர்த்தி நிறுத்த அரக்கால் முடியாது.

இதைச் செய்யப் பார்க்கும் இளைஞர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இறுகாத ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை தொடங்கும். ஒருமுறை தொடங்கினால் ஆயுளுக்கும் போகாது, கையுறை இல்லாமல் தொடக்கூடாது. கடையும் தூளும் நெஞ்சுக்குள் போகக்கூடாது. வெறும் துணியைக் கட்டிக்கொண்டால் போதாது, முகமூடி வேண்டும். கோணல் கட்டையை முதலில் மெதுவாகச் சுழற்ற வேண்டும், முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு வேண்டும். நான் நின்றிருந்தபோதே ஒரு துண்டு பிய்ந்து பறந்து, எதிர்ச்சுவரில் பட்டுச் சாந்தைப் பெயர்த்தது. இன்னொன்று, சாதாரண எப்பொக்சி 60 பாகை செல்சியஸ் அளவுக்குள் இளகத் தொடங்கிவிடும். தேயிலைத் தூரில் செய்த இந்தக் கிண்ணத்தில் சுடச்சுடத் தேநீர் ஊற்ற முடியாது.

இதில் பிழைப்பு இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு நான் கிண்ணத்தைக் காட்டமாட்டேன், பேனாவைக் காட்டுவேன். ஐந்து அங்குல நீளம், முக்கால் அங்குலக் கனம் இருந்தால் ஒரு பேனாவுக்குக் கட்டை ஆயிற்று. ஓட்டையும் உளுத்ததும் போக ஒரு தூரில் அப்படிச் சில துண்டுகள் தேறும். கத்திப்பிடி, சாவிக்கோர்வை, முத்திரைப்பிடி என்று சிறு பொருள்கள்தான் இந்த மரத்துக்குப் பொருந்தும். 4 அடிக்கு 4 அடி நட்ட பழைய மலையில் ஏக்கருக்கு 2,700 தூர் வரை நிற்கும். பக்கத்துச் சுற்றுலா ஊரான எல்லவுக்கும் ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் உலகமெல்லாம் வந்து போகிறது. அவர்கள் கொண்டுபோகத் தேயிலைப் பெட்டியைத் தவிர இந்த மலையின் கைவேலை ஒன்று வேண்டாமா?

ஆனால் தூர் யாருடையது? தோட்டங்கள் 1970களில் அரசுக்கு வந்தன, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போயிற்று. மண் அரசின் கையில், தூர் கம்பனியின் கணக்கில். அதை வெட்டி வெட்டி இந்த உருவத்துக்குக் கொண்டுவந்த குடும்பங்களுக்கு அது விறகாகத்தான் கைக்கு வருகிறது. 2023இல் மலையகத் தமிழர் இங்கே வந்த இருநூறு வருடத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோம். அப்படி நடந்த ஒரு சமூகம், தன் உழைப்பின் தடயம் பதிந்த கட்டையைத் தன் பெயரில் கடைந்து விற்கக் கேட்பது பெரிய கேள்வியல்ல. பிடுங்கும் மலைகளின் நல்ல தூர்களைத் தோட்டத்து இளைஞர் குழுக்களுக்கு எழுத்தில் ஒதுக்கிக் கொடுக்கலாம். பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெறுமதி சேர்ப்பதே தன் நோக்கம் என்று சொல்லித் தொடங்கிய இடம், தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு நடத்துகிறது. இலைக்குச் சேர்க்கும் பெறுமதியைத் தூருக்கும் சேர்க்க அங்கே ஓர் உலர்த்தும் அறையும் நாலு கடைசல் இயந்திரமும் வைத்தால் போதும். தேசிய அருங்கலைகள் பேரவையின் கண்காட்சிகளில் அரக்குவேலைக்குப் பக்கத்தில் தூர்க்கடைசலுக்கும் ஒரு மேசை கிடைக்கட்டும். இதில் எதுவும் கோடி ரூபாய் விஷயமில்லை.

ஐந்து தூரில் தேறியது ஒரு கிண்ணம், பதினொரு பேனாக் கட்டை. கிண்ணத்தைத் தேன்மெழுகு போட்டுத் தேய்த்து, துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா முப்பத்தாறு வருடம் கவ்வாத்து வெட்டியவர். இப்போது லயத்து வாசலில் உட்கார்ந்து வெயில் காய்கிறார். கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றினார். சுழியையும் பளபளப்பையும் அவர் கண்டுகொள்ளவில்லை. காவி நிறம் நிரம்பி உறைந்திருந்த பொந்தின் மேல்விளிம்பில் அவர் கட்டைவிரல் நின்றது.

"இந்தா, இது மட்டமா வெட்டுனது. தண்ணி நின்னுருச்சு. அதான் உள்ளுக்கு எறங்கியிருக்கு."

"அது எப்பவோ வெட்டினதுப்பா."

"எந்த மலை?"

"ஏழாம் நம்பர்."

கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து உள்ளே போனார். கூரைச் சட்டத்தில் செருகியிருந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்து வந்து உட்கார்ந்தார். கிண்ணத்தை மடியில் வைத்து, கத்தியின் வாயை அந்தத் தழும்பின்மேல் மெல்லப் பொருத்தி, எவ்வளவு சாய்த்து வெட்டியிருக்க வேண்டும் என்று காட்டினார்.